கால் வட்டம்

கிரீன் சர்க்கிளில் ஒரு மணல் லாரி
இண்டிகேட்டர் போடாமல் இடதுபக்கம் ஒடித்தது.
அதன்பிறகு ஏழு வாரம்
என் வலது கால் ஒரே கோடு.
எந்தக் கதவைத் தாண்டினாலும்
முதலில் பாதம் போகும்,
பின்னால் நான்.

ஆட்டோவின் பிரேக் வலது காலுக்கு.
காட்பாடி ஸ்டேஷனிலிருந்து பாகாயம்வரை
ஷேர் ஏற்றிப் பிழைக்கிறவளுக்கு
மிச்சத்தைச் சொல்லவேண்டாம்.

பிசியோதெரபி ஹாலில் ஜெபமலர்
ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கருவியோடு வந்தாள்.
நடுவில் வட்டம், இரண்டு கை.
வட்டத்தை முட்டியின் பக்கவாட்டில் வைத்தாள்.
ஒரு கை இடுப்பைப் பார்த்தது,
மறுகை கணுக்காலைப் பார்த்தது.
"மடக்குங்க வேதவல்லி."
காலைவிடப் பல்தான் அதிகம் உழைத்தது.
"முப்பத்தஞ்சு" என்று எழுதிக்கொண்டாள்.

பக்கத்து மேடையில் அகர்தலாவிலிருந்து வந்த பையன்
முழங்கையை மடக்கி அவன் பாஷையில் எண்ணினான்.
எண் புரியவில்லை.
எங்கே நின்றான் என்பது புரிந்தது.

சாயங்காலம், கொணவட்டத்தில்,
ஆறாவது படிக்கிற இளமாறன்
ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தான்.
பாகைமானியை என் முட்டியில் வைத்து
ஒரு கண்ணை மூடினான்.
"நூத்தி நாப்பத்தஞ்சும்மா. விரிகோணம்."
"ஆஸ்பத்திரியில முப்பத்தஞ்சுன்னாங்க."
"அப்ப அவங்க தப்பு."

அவ்வளவு பில் போட்டவர்கள் தப்பா,
நாற்பது ரூபாய் பாக்ஸ் தப்பா?

உன் பாகைமானி சின்னது, என் கால் நீளம்,
அதுதான் கோளாறு என்றேன்.
அவன் தொடையோரம் ஒரு துடைப்பக்குச்சி,
கெண்டைக்காலோரம் ஒன்று,
இரண்டையும் பாய் தாண்டி நீட்டினான்.
குச்சி நீண்டது.
கோணம் அங்கேயே இருந்தது.

இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
அதே முனையில்
சைக்கிளும் திரும்புகிறது, லாரியும் திரும்புகிறது.
வண்டியின் நீளமா திரும்புகிறது?
திரும்பியது எவ்வளவு என்பதுதானே கேள்வி.

மருந்துச் சீட்டின் முதுகில்
செவ்வாய்க்கிழமைதோறும் எழுதிவைத்தேன்,
அவள் சொன்னதை இந்தப் பக்கம், இவன் சொன்னதை அந்தப் பக்கம்:

முப்பத்தைந்து, நூற்று நாற்பத்தைந்து.
ஐம்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு.
எழுபத்தொன்று, நூற்று ஒன்பது.

ஃபேன் ஓடியும் தூக்கம் வராத ஒரு ராத்திரி
சில்லறை கூட்டிப் பழகிய மூளை
சும்மா இருக்க முடியாமல் கூட்டியது.
நூற்றெண்பது.
அடுத்த வரி, நூற்றெண்பது.
அடுத்ததும்.
கால் ஒரே கோடாகக் கிடந்தபோது
இவன் பாகைமானி காட்டியிருக்கக்கூடிய அதே நூற்றெண்பது.

அவள், நான் கோட்டைவிட்டு வந்த அளவை அளக்கிறாள்.
இவன், இரண்டு எலும்புக்கு நடுவே மிஞ்சிய இடத்தை.
ஒருத்தி ஸ்டேஷனிலிருந்து எண்ணுகிறாள்,
ஒருவன் பாகாயத்திலிருந்து.
யாரும் பொய் சொல்லவில்லை.
நான்தான் ஒரு மாதமாக இருவரையும் சந்தேகப்பட்டேன்.

நாலாவது செவ்வாய் ஜெபமலர் "தொண்ணூறு" என்றாள்.
வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை.
இளமாறன் பாகைமானியை எடுக்கவுமில்லை.
கணக்கு நோட்டின் மூலையை
முட்டியின் மடிப்பில் பொருத்திப் பார்த்தான்.
பொருந்தியது.
"செங்கோணம்மா. தொண்ணூறு."

வேறெந்த எண்ணிலும் அவர்கள் சந்தித்ததில்லை.
இனிமேல் சந்திக்கவும் மாட்டார்கள்.
தரையில் உட்கார நூற்றுமுப்பதாவது வேண்டுமாம்.
அவள் எண் ஏறும்,
இவன் ஐம்பதுக்கு இறங்கிக் குறுங்கோணம் என்பான்.
அது பிறகு.

இப்போது சீட்டில் தூசி துடைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
பாதம் பிரேக்கைத் தொடுகிறது, அழுத்தினால் வலிக்கிறது.
முழு வட்டத்தில் தொண்ணூறு கால் பங்கு.
இந்தக் கால் அந்தக் காலுக்கு வர
பதினோரு வாரம்.

சாவியைத் திருப்பினேன்.
அதுவும் கால் வட்டம்தான்.